ரீடிங் இல்லாத ரிசல்ட்

(சினிமா பார்க்கும் சக மாணவர்களுக்கு)

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



நான்கு பேர் கூடினால் அரசியலில் ஐந்து கருத்து இருக்கும். ஆனால் சினிமா என்று வந்துவிட்டால் நாற்பது பேர் கூடினாலும் இரண்டே கருத்துதான். ஒன்று, "செம படம்டா!" இன்னொன்று, "சரியான அறுவை!" தியேட்டர் வாசல், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, ஹாஸ்டல் மொட்டை மாடி... எங்கே கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காதில் விழும். "ஏண்டா நல்லாயிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாயிருக்குன்னா நல்லாயிருக்கு, அவ்ளோதான்!" என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்டால் சண்டைதான் வரும்.

ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அதை ஒரே சொல்லில் தூக்கி வைப்பதும் ஒரே சொல்லில் தூக்கி எறிவதும் நியாயமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நஷ்டம் நமக்குத்தான். இரண்டரை மணி நேரம் கண்ணையும் காதையும் கொடுத்துவிட்டு, கையில் ஒரே ஒரு சொல்லோடு வெளியே வருகிறோம். அந்தச் சொல்லும் பாதி நாள் பக்கத்து சீட்டுக்காரன் கொடுத்ததாக இருக்கிறது!

சரி, ஒரு படத்தைப் பற்றி நாலு வரியில் உருப்படியாகச் சொல்வது எப்படி? இதற்குத் தனிப் படிப்பு எதுவும் வேண்டாம். நம் லேப் நோட்டே போதும்.

லேப் நோட்டு சொல்லும் பாடம்

டென்சைல் டெஸ்ட் செய்கிறோம். கம்பியை மெஷினில் மாட்டி இழுக்கிறோம். லோடு எவ்வளவு, கம்பி நீண்டது எவ்வளவு என்று எதையும் எழுதாமல், கடைசி வரியில் ரிசல்ட்டை மட்டும் எழுதிக்கொண்டு போய் நீட்டினால் சார் கையெழுத்துப் போடுவாரா? "ரீடிங் எங்கேப்பா?" என்பார். பக்கத்து பேட்ச்சில் பார்த்து எழுதிய ரிசல்ட் சரியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அது நம்முடையது இல்லை.

'சூப்பர்', 'அறுவை', 'மொக்கை' எல்லாமே ரிசல்ட். ரீடிங் என்பது படத்தில் நாம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். "நடிப்பு பிரமாதம்" என்பதும் ரிசல்ட்தான். "மகன் இறந்த சேதி வந்ததும் அவள் அழவில்லை, போய் அடுப்பை அணைத்தாள்" என்று சொன்னால் அது ரீடிங். வேறொருவர் அதே படத்தைப் போட்டுப் பார்த்து, நாம் சொன்னது இருக்கிறதா இல்லையா என்று சரிபார்க்க முடியவேண்டும். அப்படிப்பட்ட ஒரு ரீடிங் இருந்தால் போதும், சண்டை வந்தாலும் காட்சியைப் பற்றித்தான் வரும். "உன் தலைவர், என் தலைவர்" என்று ஆளைப் பற்றி வராது.

எந்த வேலைக்கு எந்தக் கருவி?

கம்பியின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். விளையாட்டு மைதானத்தை அளக்கப் போனால் டேப்தான் வேண்டும். சினிமாவிலும் அப்படித்தான். சிரிப்புப் படத்தில் 'லாஜிக்' தேடுவது, துப்பறியும் படத்தில் பாட்டு தேடுவது எல்லாம் கருவி மாறிய கேஸ்.

சிரிப்புப் படம் என்றால், சிரிப்பு எங்கிருந்து பிறந்தது என்று பார்க்கலாம். பேய்ப் படம் என்றால், வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் பொருளைக் கண்டு பயந்தோம் என்று பார்க்கலாம். துப்பறியும் படம் என்றால், நம்மை நேர்மையாக ஏமாற்றினார்களா என்று பார்க்கலாம். சண்டைப் படம் என்றால், தானே போட்ட விதியைப் படம் கடைசிவரை காப்பாற்றியதா என்று பார்க்கவேண்டும்.

'ஸ்பீட்' (1994) படத்தில் பஸ் மணிக்கு 50 மைலுக்குக் கீழே போனால் குண்டு வெடிக்கும். இது படம் போட்ட விதி. பாலத்தில் இருக்கும் இடைவெளியை அந்த பஸ் தாண்டும்போது மெக்கானிக்கல் மாணவனுக்குச் சிரிப்பு வரும்தான். ஏற்றமே இல்லாமல் பஸ் எப்படி மேலே எழும்பும்? ஆனால் அந்த 50 மைல் விதியைப் படம் விடாமல் பிடித்திருப்பதால், சிரித்துக்கொண்டே சீட்டின் கைப்பிடியையும் இறுக்கிப் பிடிக்கிறோம். தப்பும் உண்டு, அதைத் தாண்டிய பலமும் உண்டு. நல்ல கருத்தில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

சில படங்கள், சில ரீடிங்குகள்

வெவ்வேறு காலம், வெவ்வேறு வகை. வருட வரிசையில் தருகிறேன். இவை என் ரீடிங்குகள். உங்களுக்கு வேறு மாதிரி வந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

1. மாடர்ன் டைம்ஸ் (1936 – நகைச்சுவை): சாப்ளின் கன்வேயர் பெல்ட்டில் நட்டு முடுக்கும் தொழிலாளி. பெல்ட் நின்ற பிறகும் கை முடுக்கிக்கொண்டே இருக்கிறது. சிரிக்கிறோம், அப்புறம் சுருக்கென்கிறது. இன்னொன்றைக் கவனியுங்கள். பேசும் படம் வந்து பல வருடம் கழித்து எடுத்தும், இதில் மனிதர்கள் நேருக்கு நேர் பேசும் குரல் கேட்பதில்லை. முதலாளியின் பேச்சு திரை வழியாக வருகிறது. விற்பனைக்காரர் பேச்சு இசைத்தட்டில் வருகிறது. மெஷின் மூலம் வந்தால்தான் பேச்சு! பிற்பகுதியில் கதை துண்டு துண்டாகப் போகிறது. ஆனாலும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகப்போகிறவர்கள் போவதற்கு முன் பார்க்கவேண்டிய படம்.

2. சந்திரலேகா (1948 – பிரம்மாண்டம்): எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி படம். இதன் முரசு நடனத்தைப் 'பெரிய செட்' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அந்த ராட்சத முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளிலிருந்து போர் புறப்படுகிறது. செலவு செய்த செட்டே கதையின் திருப்பமாகவும் ஆகிறது. பிரம்மாண்டம் என்றால் இப்படி வேலை செய்யவேண்டும். இடையில் வரும் சர்க்கஸ் பகுதி நீளம். கண்ணுக்கு விருந்து, கதைக்கு இடைவேளை.

3. அந்த நாள் (1954 – துப்பறியும் கதை): எஸ்.பாலச்சந்தர் இயக்கிய ஏவி.எம். படம். பாட்டே கிடையாது! அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசியுங்கள். கதாநாயகன் ஒரு ரேடியோ என்ஜினீயர். படம் ஆரம்பித்ததுமே சுடப்பட்டுச் சாகிறார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவர் வாயிலும் சிவாஜி வேறு மனிதராகத் தெரிகிறார். பாட்டு இல்லாததால் சந்தேகம் ஒரு இடத்திலும் ஆறிப்போகவில்லை. கடைசிப் பகுதியில் வாதம் கொஞ்சம் மேடைப்பேச்சாகிறது. கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன்.

4. 12 ஆங்ரி மென் (1957 – நீதிமன்றக் கதை): கொலைப் பழி சுமந்த ஒரு பையனின் உயிர் 12 ஜூரிகள் கையில். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள். முதல் ஓட்டெடுப்பில் 11 பேர் குற்றவாளி என்கிறார்கள். ஒருவர் மட்டும் "கொஞ்சம் பேசிப் பார்ப்போமே" என்கிறார். இயக்குநர் சிட்னி லூமெட் செய்த வேலை என்ன தெரியுமா? படம் போகப்போகக் கேமராவைக் கண் மட்டத்துக்கு மேலிருந்து கீழே கொண்டுவந்தார், லென்ஸையும் மாற்றினார். சுவர் நெருங்கி, கூரை தலைக்கு மேலே வந்து உட்கார்கிறது. புழுக்கத்தை நாமும் உணர்கிறோம். அறை அதே அறைதான்!

5. காதலிக்க நேரமில்லை (1964 – நகைச்சுவை): ஸ்ரீதர் படம். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? "நாகேஷ் பிரமாதம்" என்று எல்லோரும் சொல்வோம். அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள். நாகேஷ் சத்தத்தோடு கதையை அளக்க அளக்க, கேட்பவர் முகத்தில் பயம் ஏறுவதில்தான் நமக்குச் சிரிப்பு பீறிடுகிறது. மேளம் ஒருவர் கையில், சத்தம் இன்னொருவர் முகத்தில்! காதல் ஜோடிகளின் கதை வழக்கமான கதைதான்.

6. உதிரிப்பூக்கள் (1979 – குடும்பக் கதை): புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கருவை எடுத்து மகேந்திரன் செய்த படம். விஜயன் செய்யும் கொடுமையில் சத்தமே இல்லை. அதிராமல் பேசி ஒரு குடும்பத்தையே உருக்குலைக்கிறார். கடைசியில் ஊர் கூடி அவருக்குத் தண்டனை கொடுக்கிறது. மற்ற படமாக இருந்தால் கைதட்டியிருப்போம். இங்கே ஆற்றங்கரையில் குழந்தைகள் நிற்கிறார்கள். தட்டப் போன கை நின்றுவிடுகிறது.

7. பேசும் படம் (1987 – நகைச்சுவை): பெயர் 'பேசும் படம்', படத்தில் வசனமே கிடையாது! சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது. வேலையில்லாத கமல் குடியிருக்கும் அறைக்குப் பக்கத்தில் தியேட்டர். அந்தச் சண்டைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவருக்குப் பெரிய ஹோட்டல் அறையில் தூக்கம் வரவில்லை. என்ன செய்கிறார்? அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்து வந்து போட்டுக் கேட்டபடி தூங்குகிறார். வறுமையைப் பற்றி நாலு பக்க வசனம் சொல்லாததை ஒரு டேப் ரிகார்டர் சொல்லிவிடுகிறது.

8. வீடு (1988 – சமூகக் கதை): சிவில் மாணவர்கள் அவசியம் பார்க்கவேண்டிய பாலுமகேந்திரா படம். வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய ஒரு பெண் (அர்ச்சனா), கையில் இருக்கும் மனையில் சிறியதாக ஒரு வீடு கட்டப் புறப்படுகிறாள். அவ்வளவுதான் கதை. பிளான் அப்ரூவலுக்கு அலைச்சல், கடனுக்கு அலைச்சல், மழை வந்தால் வேலை நிறுத்தம். மேற்பார்வை பார்க்கும் கான்ட்ராக்டரே சிமெண்டைக் களவாடுகிறார். அதை வெளியே சொல்வது யார்? சித்தாள் மங்கம்மா! நியாயம் பேசும் ஒரே தொழில்நுட்பக் குரல், எந்தச் சான்றிதழும் இல்லாத அந்தப் பெண்ணுடையது.

அந்தத் தாத்தாவை மறக்கமுடியாது. சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வெயிலில் தனியாக வருகிறார். வசனம் இல்லை. சுவருக்குச் சுவர் நடந்து பார்க்கும் அந்த முகத்தில், வாழ்நாள் முழுக்க வாடகை கொடுத்த ஒருவரின் நிம்மதி தெரிகிறது. நம் நோட்டில் அது செங்கல் இத்தனை, கலவை ஒன்றுக்கு நாலு என்று எஸ்டிமேட்டாக மட்டும்தான் தெரியும். பாட்டு கிடையாது, இளையராஜா முன்பே வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசையே பின்னணி. கடைசி இடி ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஓர் அரசுத் துறையின் கோப்பிலிருந்து விழுகிறது. "படம் மெதுவா போகுது" என்பார்கள். உண்மைதான். சொந்தமாக வீடு கட்டிய யாரையாவது கேளுங்கள், அதுவும் அப்படித்தான் போகும்!

9. ஜுராசிக் பார்க் (1993 – அறிவியல் கற்பனை): இரண்டு மணி நேரப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம்தான். மீதி நேரம் பயமுறுத்துவது எது? டம்ளர் தண்ணீரில் எழும் சின்ன வட்டம்! விலங்கு வருவதற்கு முன்பே அதன் எடை வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்குத் தனியாக ஒன்று: பூங்காவின் மொத்தக் கதவுகளும் ஒரே ஆளின் புரோகிராமில். அந்த ஆளுக்கோ சம்பளத்தில் மனக்குறை. டைனோசரை விட ஆபத்தான விஷயம் அதுதான். மனிதப் பாத்திரங்கள் மெலிவு.

10. யாவரும் நலம் (2009 – பேய்க் கதை): விக்ரம் குமார் இயக்கம். பாழடைந்த பங்களா இல்லை, வெள்ளைச் சேலை இல்லை. புது அபார்ட்மெண்ட், பட்டப்பகல், நடு ஹாலில் டி.வி. சீரியல். அதில் நடப்பதெல்லாம் வீட்டிலும் நடக்கிறது. மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிப்ட் நகராது. நமக்குப் பழகிய பொருளைப் பயமாக மாற்றியதுதான் வெற்றி. பார்த்துவிட்டு வந்து வீட்டில் டி.வி. போடும்போது கை ஒரு விநாடி தயங்கும்.

11. எந்திரன் (2010 – அறிவியல் கற்பனை): தீ விபத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ரோபோ அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது, கட்டளை நிறைவேறியது. ஆனால் அவள் மானம் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. அவமானம் தாங்காமல் ஓடுகிறவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். படத்தின் மிகப் பெரிய கேள்வி அங்கே இருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு ரோபோக்களின் எண்ணிக்கை கூடக்கூட, கேள்வி சிறுத்துக்கொண்டே போகிறது.

12. காக்கா முட்டை (2015 – சிறுவர் கதை): மணிகண்டன் இயக்கம். ரயில் பாதையில் கரி பொறுக்கும் இரண்டு சிறுவர்களுக்குப் பீட்சா சாப்பிட ஆசை. காசு சேர்த்துக்கொண்டு போனால் உடுப்பு சரியில்லை என்று வாசலில் தடை. புது உடுப்போடு போனால் அடி. வாசல் அதே வாசல்தான், காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அழுகைப் படமாக்கியிருக்கலாம், செய்யவில்லை. சிறுவர்கள் கடைசிவரை நம்மிடம் இரக்கம் கேட்கவே இல்லை.

13. கைதி (2019 – அதிரடி): லோகேஷ் கனகராஜ் இயக்கம். ஒரே இரவு, பாட்டு இல்லை, ஜோடி இல்லை. லாரியில் கார்த்தி ஒரு பக்கம் போராட, தனியாக மாட்டிக்கொண்ட கமிஷனர் ஆபீஸை இன்னொரு பக்கம் காப்பது யார்? ஒரு வயதான சாதாரண போலீஸ்காரரும் சில கல்லூரி மாணவர்களும்! பீரோவையும் பெஞ்சையும் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் அந்தச் சண்டையில்தான் எனக்கு அதிகப் பதற்றம். கடைசியில் வரும் ராட்சதத் துப்பாக்கி அதுவரை கட்டிவைத்த அளவை உடைத்துவிடுகிறது. கைதட்டல் வாங்கியது அதுதான் என்பதும் உண்மை.

சில எச்சரிக்கைகள்

வசூல் ரீடிங் இல்லை. எத்தனை கோடி என்பது படம் எவ்வளவு விற்றது என்பதைச் சொல்லும். எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது.

ரசிகனாக இருப்பதில் தவறு இல்லை. ஆனால் கண்ணை வாடகைக்கு விட்டுவிடக்கூடாது. நமக்குப் பிடித்த நடிகரின் படத்தில் ஒரு குறையையும், பிடிக்காத நடிகரின் படத்தில் ஒரு நிறையையும் சொல்லிப் பழகினால் பார்வை நேராகும்.

மர்மப் படத்தின் முடிவைச் சொல்லாதீர்கள். டிக்கெட் வாங்கியவனின் பாதிப் பணத்தை நாம் எடுத்துக்கொள்வது போல அது.

பாராட்டும்போது உரியவருக்குப் பாராட்டுங்கள். வெளிச்சம் நன்றாக இருந்தால் ஒளிப்பதிவாளர், வெட்டு கச்சிதமாக இருந்தால் எடிட்டர், செட் என்றால் கலை இயக்குநர். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து ஓடுகிறோமே... அந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் நம்மைப் போல ஒரு தொழிலைக் கையில் வைத்திருப்பவர்கள்தான்.

இது சினிமாவோடு முடிகிற விஷயமா?

"சினிமாதானே, பொழுதுபோக்குத்தானே, இதுக்கு எதுக்குடா ரீடிங்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்ன 12 பேரை நினைத்துப் பாருங்கள். 11 பேரிடம் ரிசல்ட் தயாராக இருந்தது. வெயில் புழுக்கம், ஒருவருக்கு அன்று பார்க்கவேண்டிய மேட்ச் வேறு. ரீடிங் கேட்டவர் ஒரே ஒருவர். பையனின் உயிர் அந்த ஒருவரின் கேள்வியில் தொங்கியது.

நாளை நம்மில் ஒருவர் தொழிற்சாலையில் ஒரு பொருளுக்கு 'ரிஜெக்ட்' சீட்டு ஒட்டும் இடத்தில் இருப்போம். ஒருவர் சைட்டில் சூபர்வைசராக நின்று, எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எத்தனை மூட்டை கலவையில் விழுந்தது என்று எழுதுவோம். யாரோ ஒரு சுதா தன் வீட்டுப் பிளானை எடுத்துக்கொண்டு நம் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பாள். அன்றைக்கும் 'சரி', 'சரியில்லை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். நம் சொல்லுக்குக் காரணம் காட்டும் பழக்கம் திடீரென்று அன்று வந்துவிடாது. இப்போதே, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் வரவேண்டும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த படத்துக்குப் போய்விட்டு வந்ததும் டீ சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் ஒரே ஒரு ரீடிங் சொல்வது என்று வைத்துக்கொள்வோம். பார்த்த ஒரு காட்சி, அல்லது கேட்ட ஒரு சத்தம். அதற்குப் பிறகு 'சூப்பர்' என்றாலும் சரி, 'அறுவை' என்றாலும் சரி, சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வோம். ரீடிங் இல்லாதவன் டீக்காசு கொடுக்கட்டும்!